ஈ, தா, கொடு: மூன்று வினைச்சொற்களின் வரலாறு

களமருதூரில் பள்ளி விடும் நேரம். பெட்டிக்கடைக்கு முன்னால் நிற்கும் மாணவன், "அண்ணா, ஒரு நீலப் பேனா குடுங்க" என்கிறான். கடைக்காரர் பேனாவை எடுத்து வைத்துவிட்டு, "பத்து ரூபா குடு" என்கிறார். மாணவன் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறான். கல்லாவில் சில்லறை இல்லை. "மீதியை நாளைக்குத் தரேன்டா தம்பி" என்கிறார் கடைக்காரர்.

அரை நிமிடப் பேச்சுதான். ஆனால் இதற்குள் இரண்டாயிரம் ஆண்டு இலக்கண வரலாறு ஒளிந்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? "குடுங்க", "குடு" என்று பேசிக்கொண்டிருந்தவர் கடைசியில் மட்டும் ஏன் "தரேன்" என்றார்? இதே கேள்வியைப் பழந்தமிழ் இலக்கண ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் வியப்பானது, கொஞ்சம் சங்கடமானதும் கூட.

ஒரு பொருளைத் தன் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதைச் சொல்ல உலகின் பல மொழிகள் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. தமிழில் அதற்கு மூன்று சொற்கள் உண்டு. ஈ, தா, கொடு. மூன்றுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஆனால் அவை மூன்றும் ஒன்றல்ல.

முதலில் இவை எப்படி உருமாறுகின்றன என்று பார்த்துவிடலாம்.

ஈ: ஈந்தேன், ஈகிறேன், ஈவேன், ஈயேன், ஈய, ஈந்து, ஈதல்
தா: தந்தேன், தருகிறேன், தருவேன், தரேன், தர, தந்து, தருதல்
கொடு: கொடுத்தேன், கொடுக்கிறேன், கொடுப்பேன், கொடேன், கொடுக்க, கொடுத்து, கொடுத்தல்

ஒவ்வொரு வரியிலும் நான்காவதாக இருப்பது எதிர்மறை வடிவம். "ஈயேன், தரேன், கொடேன்" என்றால் "தரமாட்டேன்" என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பழைய இலக்கணப்படி "தரேன்" என்றால் தரமாட்டேன். இன்றைய பேச்சில் "தரேன்" என்றால் கட்டாயம் தருவேன்! "தருகிறேன்" என்பது தேய்ந்து தேய்ந்து தன் நேர் எதிர்ப்பொருள் கொண்ட சொல்லின் உருவத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. சங்ககாலப் புலவர் ஒருவர் களமருதூர்க் கடையில் நின்றிருந்தால், மீதிச் சில்லறை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

கொடு என்பது ஒழுங்கான பிள்ளை. அடி, படி, எடு, கேள்விப்படாத எத்தனையோ வினைகள் போகும் அதே பாதையில் போகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், வினைகளை அவற்றின் உருமாற்றப்படி வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறது. கொடு அதில் 11ஆம் வகை. தமிழின் மிகப் பெரிய வினைக் கூட்டங்களில் அதுவும் ஒன்று.

தா அப்படியல்ல. கட்டளையில் "தா" என்று நெடிலாக நிற்கும். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் "தரு" என்று ஆகும். இறந்தகாலத்தில் "த" என்று குறுகி "தந்து" ஆகும். தேர்வுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். தந்தான் = தா + த் + த் + ஆன். 'தா' பகுதி, 'த' எனக் குறுகியது விகாரம். முதல் 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம். அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை. 'ஆன்' ஆண்பால் வினைமுற்று விகுதி. ஒரு சின்னச் சொல்லுக்கு இரண்டு விகாரம்!

இதே போல் நடந்துகொள்ளும் இன்னொரு வினை தமிழில் உண்டு. வா, வருகிறேன், வந்தேன், வருவேன். தா, தருகிறேன், தந்தேன், தருவேன். இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கின்றன இரண்டும். உருவத்தில் மட்டுமா ஒற்றுமை? இல்லை, குணத்திலும் தான்.

திசை காட்டும் வினைகள்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் முதல் இயல் கிளவியாக்கம். அதில் நான்கு வினைகளைத் தொல்காப்பியர் ஒன்றாக எடுத்துப் பேசுகிறார். செல், வா, தா, கொடு. இவற்றுள் வா, தா என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல், கொடு என்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்பது அவர் வகுக்கும் விதி.

எளிதாகச் சொன்னால், பேசுகிறவர் பக்கமோ கேட்கிறவர் பக்கமோ ஒருவர் நகர்ந்தால் அது வருதல். வேறு பக்கம் நகர்ந்தால் செல்லுதல். அதே போல் எனக்கோ உனக்கோ ஒரு பொருள் வந்தால் அது தருதல். மூன்றாம் மனிதர் ஒருவருக்குப் போனால் அது கொடுத்தல். "எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்" என்பதுதான் வழு இல்லாத தமிழ்.

இந்த விதியின் பாதி இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. கைப்பேசியில் நண்பன் "எங்கடா இருக்க?" என்று கேட்டால் "இதோ வரேன்" என்றுதான் யாரும் சொல்வார்கள். "இதோ போறேன்" என்று சொன்னால் நண்பன் குழம்பிவிடுவான். கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தால் "வா" என்ற தொல்காப்பியர் விதியை, தொல்காப்பியம் என்ற பெயரே கேள்விப்படாதவர்களும் ஒருநாளும் மீறுவதில்லை. செல் என்ற இடத்தில் "போ" வந்து உட்கார்ந்துவிட்டதே தவிர, கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் தா, கொடு விஷயத்தில் கோடு பாதி அழிந்துவிட்டது. "உனக்குத் தரேன்" என்கிறோம், சரி. "அவனுக்குக் குடுத்துட்டேன்" என்கிறோம், அதுவும் சரி. "எனக்குக் குடு" என்கிறோமே, அது? விதிப்படி தவறு! என் பக்கம் வரும் பொருளுக்கு "தா" என்றுதான் கேட்க வேண்டும். கடைக்காரர் "மீதியைத் தரேன்" என்றபோது தொல்காப்பியர் வழியில் பேசினார். "பத்து ரூபா குடு" என்றபோது அந்த வழியை விட்டு விலகிவிட்டார். இது எப்போது, எப்படி நடந்தது?

கேட்பவன் யார்?

விடையின் ஒரு பகுதி அதே சொல்லதிகாரத்தின் கடைசி இயலான எச்சவியலில் கிடைக்கிறது. இப்போது தொல்காப்பியர் திசையைப் பேசவில்லை, தகுதியைப் பேசுகிறார். ஈ, தா, கொடு மூன்றும் ஒருவன் இன்னொருவனிடம் ஒன்றைக் கேட்கும்போது வரும் சொற்கள். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் "ஈ" என்பான். சமமானவனிடம் கேட்பவன் "தா" என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் "கொடு" என்பான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதையே சுருக்கி ஒரே சூத்திரமாக்கினார். தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சூத்திரம்தான். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இது எவ்வளவு கடுமையான விதி என்று தெரியும். கும்பிட வேண்டாம், குனிய வேண்டாம், பேர் சொல்ல வேண்டாம். எந்த வினையால் கேட்கிறாய் என்பதிலேயே நீ யார் என்று தெரிந்துவிடும்.

இது ஏட்டில் மட்டும் இருந்த விதியா என்றால், சங்கப் பாடல்கள் இல்லை என்கின்றன. புறநானூற்றின் 204ஆம் பாடலைக் கழைதின் யானையார் என்ற புலவர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பார்த்துப் பாடினார். "ஈ" என்று சொல்லி இரப்பது இழிவு, அப்படிக் கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்பது அதன் கருத்து. இரப்பவன் வாயில் அவர் வைக்கும் சொல் தாவும் அல்ல, கொடுவும் அல்ல. சரியாக "ஈ"!

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று திருக்கோவலூர் என்ற திருக்கோயிலூரில் இருக்கிறது. அங்கே ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனிடம் கபிலர் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 121ஆம் பாடல். கொடுப்பது எளிது, யாருக்கு என்ன தகுதி என்று அறிந்து கொடுப்பதுதான் அரிது, புலவர் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காதே என்கிறார். அங்கே கொடுப்பதைக் குறிக்கக் கபிலர் எடுத்துக்கொண்ட வினை "ஈதல்". பெறுகிற புலவர் பக்கம் நின்று பேசும்போது அதுதான் பொருத்தமான சொல்.

"தா" என்று கேட்டவருக்கும் இதே வட்டாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருநாவலூரில் பிறந்த சுந்தரர், தேவாரம் பாடிய மூவரில் ஒருவர். சைவ மரபு அவரைத் தம்பிரான் தோழர் என்று சொல்லும், அதாவது இறைவனுக்கே நண்பர். குண்டையூரில் தமக்குக் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்து போக ஆளில்லை என்று திருக்கோளிலி இறைவனிடம் அவர் பாடிய பதிகம் புகழ் பெற்றது. அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வேண்டுதல் "தர" என்ற வினையில் அமைந்திருக்கிறது. தம்மை அடியேன் என்று சொல்லிக்கொண்டாலும், கேட்பது என்னவோ தோழன் கேட்கும் சொல்லால் தான். அது மட்டுமல்ல, நெல்லைக் கொண்டுவந்து சேர்ப்பது என்ற பொருளும் அந்த "தர" வில் அடங்கியிருக்கிறது. தா என்ற வினையின் பழைய பொருள்களில் "கொண்டுவருதல்" என்பதும் ஒன்று. "வெளியூரிலிருந்து ஆளைத் தருவித்தார்கள்" என்று இன்றும் எழுதுகிறோமே, அந்தத் "தருவித்தல்" இந்தப் பொருளின் மிச்சம்.

இனி உயர்ந்தவன் சொல்லான "கொடு". இங்கே தொல்காப்பியருக்கே ஒரு சிக்கல் வந்தது. கொடு படர்க்கைக்கு உரியது என்று முதல் இயலில் விதி போட்டாயிற்று. உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது "கொடு" என்பான் என்றால், தனக்கு என்பது தன்மை ஆயிற்றே, முதல் விதி உடைகிறதே? அவர் சொன்ன சமாதானம் அருமையானது. உயர்ந்தவன் தன்னையே வேறு ஒருவன் போல வைத்துப் பேசுகிறான், அதனால் அங்கே கொடு வரலாம் என்கிறார். அரசன் "எனக்குத் தா" என்று நேரே கை நீட்டுவதில்லை. "இவனுக்குக் கொடு" என்று தன்னைக் காட்டுகிறான். கை நீட்டிக் கேட்கும் சங்கடம் அதில் இல்லை.

திருக்கோயிலூரின் உலகளந்த பெருமாள் கோயில் கதையை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். குள்ள வாமனனாக வந்து மாவலியிடம் மூன்றடி மண் கேட்டவன் எந்த வினையால் கேட்டிருக்க வேண்டும்? இரந்து வந்த சிறுவன் என்றால் "ஈ". உலகளந்த உருவத்தோடு கேட்டிருந்தால் "கொடு". வேடத்துக்கு ஒரு வினை, உண்மைக்கு ஒரு வினை.

தொல்காப்பியர் சமாதானம் சொல்லித் திறந்துவைத்த இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் "கொடு" மெல்ல மெல்லத் தன்மை இடத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமிருக்கிறது. முதலில் உயர்ந்தவன் மட்டும் தனக்காகக் "கொடு" என்றான். உயர்ந்தவன் பேச்சைப் பார்த்துப் பேசுவது எல்லாக் காலத்திலும் உள்ளதுதான். பிறகு எல்லாரும் "எனக்குக் கொடு" என்றார்கள். அது உண்மையானால், களமருதூர்க் கடையில் நிற்கும் மாணவன் வாயிலிருந்து வருவது ஒரு காலத்தில் தலைவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வினை!

கல்லில் உள்ள குடு

"கொடு என்பதுதான் சரி, குடு என்பது கொச்சை" என்று ஆசிரியர்கள் திருத்துவார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பார்த்தால் அவர்கள் கொஞ்சம் தயங்கக்கூடும். முதலாம் ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஆணை இட்டான். அரசனாகிய தான் அளித்தவை, தன் அக்கன் குந்தவை அளித்தவை, தன் மனைவியர் அளித்தவை, மற்றவர்கள் அளித்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். கல்லில் இருக்கும் எழுத்து "குடுத்தனவும்". கொடுத்தனவும் அல்ல! ஆயிரம் ஆண்டுக்கு முன் அரச ஆணையிலேயே ஏறிவிட்ட உச்சரிப்பு அது. அந்த ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் பெருமையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரசன், அவன் அக்கன், மனைவியர், மற்றவர்கள் என்று நான்கு தரப்பினருக்கும் ஒரே வினைதான். பெறுபவர் இறைவன், படர்க்கை. ஆகவே கொடு. கேட்பவர் யாரும் இல்லாத இடத்தில் தகுதி விதிக்கு வேலை இல்லை, திசை விதி மட்டும் போதும். கல்வெட்டு எழுதியவர்கள் இலக்கணம் தெரிந்தவர்கள்தான்.

ராஜராஜனுக்கு முந்தைய தலைமுறைகளில், முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் வடக்கு எல்லையைக் காக்கப் படையோடு திருநாவலூர்ப் பகுதியில் தங்கியிருந்தான். திருநாவலூருக்கு ராஜாதித்தபுரம் என்றே ஒரு பெயர் வழங்கியது. அவனோடு இருந்த படையில் மலைநாட்டினர், அதாவது இன்றைய கேரளத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அவன் படைத்தலைவன் வெள்ளன் குமரன் மலைநாட்டுக்காரன். பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்ற ஊரில் 943இல் கற்கோயில் எடுத்தவன். கோயில்களில் நொந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் விடுவது அந்நாள் வழக்கம். திருநாவலூர்க் கோயிலிலும் மலைநாட்டு வீரர்கள் தானம் செய்திருக்கிறார்கள். 949இல் தக்கோலத்துப் போரில் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். படை கலைந்தது.

இந்தப் படைவீரர்களை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, அவர்களின் பேச்சு காலப்போக்கில் மலையாளம் என்ற தனி மொழியாக வளர்ந்தது. தொல்காப்பியரின் தா, கொடு விதி இன்று முழுமையாக வாழ்வது அந்த மொழியில்தான்!

வாலை விட்டவர்கள், தலையை விட்டவர்கள்

மலையாளத்தில் "எனிக்கு தன்னு" என்பார்கள், எனக்குத் தந்தான். "அவனு கொடுத்து" என்பார்கள், அவனுக்குக் கொடுத்தான். "எனிக்கு கொடுத்து" என்று ஒருவர் சொன்னால் உடனே வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கேரளத்தில் வேலைக்குப் போகும் தமிழர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஆனால் மலையாளம் வேறொன்றை இழந்துவிட்டது. தமிழில் தந்தேன், தந்தாய், தந்தான், தந்தாள், தந்தார்கள் என்று வினையின் வாலைப் பார்த்தே தந்தவர் யார் என்று சொல்லிவிடலாம். மலையாளத்தில் அந்த வால் இல்லை. நான் ஆனாலும், நீ ஆனாலும், அவள் ஆனாலும் "தன்னு" தான்.

ஆக, பழந்தமிழில் ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். வினையின் தலையில் பெறுபவர், வாலில் தருபவர். "தந்தேன்" என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே போதும். தந்தது நான், பெற்றது நீ என்பது தெரிந்துவிடும். அந்தச் சொத்து பங்கு பிரிந்தபோது மலையாளம் தலையை எடுத்துக்கொண்டு வாலை விட்டது. தமிழ் வாலை எடுத்துக்கொண்டு தலையை விட்டது. முழுதாக விட்டுவிடவில்லை. "அவனுக்குத் தந்தேன்" என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள், ஏதோ மேடைப் பேச்சு போல இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் "உனக்குத் தாறன்", "அவருக்குக் குடுத்தன்" என்று கோடு இன்னும் தெளிவாகவே தெரிகிறது.

மற்ற உறவு மொழிகளிலும் இந்த மூன்று சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. தெலுங்கில் கொடுப்பதற்கு "இச்சு", இது நம் "ஈ" யின் உறவு. அங்கே "தெச்சு" என்றால் கொண்டுவருதல், இது "தா" வின் உறவு. கன்னடத்தில் கொடுப்பதற்குக் "கொடு", கொண்டுவருவதற்குத் "தரு". அமெரிக்க மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். எழுத்தே இல்லாத கோத்தர் மொழியிலும் எனக்கும் உனக்கும் ஒரு வினை, அவனுக்கு இன்னொரு வினை! 1945இல் அவர் திராவிட மொழிகளின் வருதல், தருதல் வினைகளைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இலக்கண ஆசிரியர்கள் கற்பனையில் வகுத்த விதி அல்ல இது, திராவிட மொழிகளின் பழைய சொத்து என்பது அதனால் உறுதிப்பட்டது.

சமஸ்கிருதத்திலும் கொடுத்தலுக்குத் "தா" என்ற வேர்ச்சொல் இருப்பதால், தமிழ்த் "தா" அங்கிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. தானம் என்ற சொல் அந்த வேரிலிருந்து வந்தது உண்மை. ஆனால் தமிழ்த் "தா" வின் உண்மையான உருவம் "தரு". அது "வரு" வோடு இரட்டையாகப் பிறந்தது. வடமொழி வேரில் அந்த "ரு" இல்லை, திசைப் பொருளும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். இந்தத் தற்செயலுக்கு இன்னொரு வேடிக்கையான சாட்சி பால்கன் நாடுகளில் பேசப்படும் செர்போ-குரோவாசிய மொழி. அங்கே கொடுத்தல் "தாத்தி". தாம், தாஷ், தா, தாமோ, தாதே, தாயு என்று உருமாறும். அவன் கொடுப்பான் என்பதற்கு அச்சாகத் "தா"! அது வடமொழிக்கு உறவு, தமிழுக்கு இல்லை. அவர்களுக்கும் கொடுத்தலில் இரண்டு வினை உண்டு. ஒருமுறை கொடுத்து முடித்தால் "தாத்தி", கொடுத்துக்கொண்டே இருந்தால் "தாவாத்தி". யாருக்கு என்று தமிழ் கேட்ட இடத்தில் அவர்கள் முடிந்ததா என்று கேட்கிறார்கள்.

தமிழ் போலவே யாருக்கு என்று கேட்கும் மொழி வேண்டுமானால் ஜப்பானுக்குப் போக வேண்டும். எனக்குக் கொடுத்தால் "குரேரு", பிறருக்குக் கொடுத்தால் "ஆகேரு", பெரியவர் எனக்குக் கொடுத்தால் "குதாசாரு". திசையும் தகுதியும் ஒன்றாக வினையில் ஏறிய இன்னொரு மொழி அது. தயவுசெய்து என்ற பொருளில் ஜப்பானியர் அடிக்கடி சொல்லும் "குதாசாய்" அந்தக் கடைசி வினையிலிருந்து வந்ததே.

ஈ எங்கே போனது?

மூன்றில் மிகவும் பாவப்பட்டது "ஈ". பேச்சில் யாரும் அதைச் சொல்லிக் கேட்பதில்லை. ஈகை என்று திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராக இருக்கிறது. ஈகைத் திருநாள் என்று ரமலான் பண்டிகையின் பெயரில் இருக்கிறது. "ஈவு இரக்கம் இல்லாதவன்" என்று திட்டும்போது வருகிறது. கணக்கில் வகுத்தால் ஈவு, பங்குச் சந்தையில் ஈவுத்தொகை. இரப்பவனின் வினை பங்குதாரர்களிடம் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்படியானால் தகுதி பார்த்துப் பேசும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? அதுதான் இல்லை. அது வினையின் தலையிலிருந்து வாலுக்கு இடம் மாறிவிட்டது. "குடு", "குடுப்பா", "குடுங்க", "குடுங்க சாமி". மாணவன் கடைக்காரரிடம் "குடுங்க" என்றான், கடைக்காரர் அவனிடம் "குடு" என்றார். கள்ளக்குறிச்சிச் சீமையில் ஒருவர் இன்னொருவரிடம் "குடு" என்பாரா "குடுங்க" என்பாரா என்பதை வைத்து அவர்களின் வயதை மட்டுமா சொல்ல முடியும்? நிலம் யாருடையது, தெரு எது என்பது வரை சொல்லிவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. எழுபது வயது முதியவர் இருபது வயது இளைஞரிடம் "குடுங்க" என்று கேட்க வேண்டியிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கல்வராயன் மலையின் கதையிலும் இந்த வினை நடுவில் நிற்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இந்த மலையைக் கொடுத்தார் என்பது அங்கிருந்த ஜாகிர்தார் குடும்பங்களின் மரபுக் கதை. 1976இல் அரசு ஜாகிர் முறையை முடித்து மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளும் வரை, மலைவாழ் மக்கள் அந்த ஜாகிர்தார்களின் கீழ் இருந்தார்கள். கொடு என்ற வினைக்கு நான்காம் வேற்றுமை வேண்டும். கொடுத்தவர் எழுவாய், கொடுக்கப்பட்டது செயப்படுபொருள், பெற்றவர் 'கு' உருபோடு வருவார். "மன்னர் மலையை ஜாகிர்தார்களுக்குக் கொடுத்தார்." இந்த வாக்கியத்தில் மலையில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் எங்கே? எழுவாயிலும் இல்லை, 'கு' விலும் இல்லை. "மலையை" என்ற சொல்லுக்குள்ளே, மரங்களோடும் பாறைகளோடும் சேர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டார்கள். பின்னால் அவர்கள் நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுவோடு மலை இறங்கியபோதுதான் முதல்முறையாக 'கு' உருபு அவர்கள் பக்கம் வந்தது: "எங்களுக்குக் குடுங்க".

மனு என்றதும் இன்னொரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், வாசலில் நிற்பவர்கள் "மனு குடுக்க வந்தோம்" என்பார்கள். உள்ளே கொடுக்கும் தாளில் இருக்கும் சொல் வேறு. "பட்டா வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று இருக்கும். செய்தித்தாள் அதை "மனு அளித்தனர்" என்று எழுதும். ஈ, தா, கொடு போன இடத்தில் வழங்கு, அளி, செலுத்து, சமர்ப்பி என்று புதிய வரிசை ஒன்று வந்து அமர்ந்துவிட்டது. அரசு நலத்திட்டத்தை "வழங்கும்". மக்கள் வரியை "செலுத்துவார்கள்". அரசு வரி "வழங்கியது" என்றோ, மக்கள் நலத்திட்டம் "செலுத்தினர்" என்றோ யாரும் எழுதுவதில்லை. யார் மேலே, யார் கீழே என்பது இப்போதும் வினையிலேயே இருக்கிறது. இதற்குச் சூத்திரம் எழுதத்தான் இன்னொரு பவணந்தி வரவில்லை.

பேனா வாங்கிக்கொண்டு போன மாணவன் மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் "எனக்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். "தாருங்கள்" என்று எழுதினாலும் கொஞ்சம் உரசும். "விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்" என்று அவன் எழுதுவான். அடுத்த பாடவேளை தமிழாக இருந்து, அதில் நன்னூல் சூத்திரம் வந்தால், ஒப்போன் கேட்பது "தா" என்று மனப்பாடமாகவும் சொல்லுவான்.